லிஃப்ட் போடலாமா? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து எடுத்த முடிவு

சஸ்பென்ஷன் லிஃப்ட், அதாவது ஸ்பிரிங் போன்றவற்றை மாற்றி வண்டியைத் தரையிலிருந்து உயர்த்துவது, போட வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாகவே இருந்தது. கல் பாதையில் அடி தட்டிவிட்டு வந்த அன்றெல்லாம் 50 மில்லிமீட்டர் கிட், 75 மில்லிமீட்டர் கிட் என்று தேடிக்கொண்டிருப்பேன். எது நல்ல கிட் என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். என் வண்டிக்கு அது தேவையா என்ற கேள்விக்குத்தான் நேரான பதில் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தப் பதிலை வண்டியிடமே கேட்டு வாங்கினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று, நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் வண்டி லேடர் சேஸி, அதாவது ஏணி போன்ற சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வகை. ஜிம்னி, ரேங்லர் போல முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு), நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் உள்ள, அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில் கணக்கே வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வேலையாக வண்டியின் அடியை நன்றாகக் கழுவினேன். டார்ச்சும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, கல் தட்டிய இடங்களையெல்லாம் வட்டம் போட்டுக் குறித்தேன். புதுக் கீறல் பளபளவென்று தெரியும். பழையது துரு ஏறி மங்கியிருக்கும். முன் பம்பரில் கீறலே இல்லை. பின்னால் இழுவைக் கொக்கியில் லேசாக ஒரு தேய்மானம். ஆனால் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் ஆழமான வடுக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. பின் டிஃபரன்ஷியலின் (ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கியர் பெட்டி) அடிவயிற்றிலும் அதே கதை. ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழே ஒரு நசுங்கல்.

இந்தக் கீறல்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டபோது பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது. சேஸியிலும் பாடியிலும் இருப்பவை லிஃப்ட் போட்டால் மேலே போகும். ஆக்சிலில் இருப்பவை போகாது. முழு ஆக்சில் வண்டிக்கு எத்தனை மில்லிமீட்டர் லிஃப்ட் போட்டாலும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயேதான் தொங்கும். அதை உயர்த்த எளிய வழி பெரிய டயர். அதிலும் விட்டம் கூடியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 215/75 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர் கூடும், டிஃபரன்ஷியல் 15 மில்லிமீட்டர் ஏறும். கிட் விற்கிற விளம்பரங்களில் இதை யாரும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

குறுக்குச் சட்டம் மேட்டில் உட்காருவதற்குக் காரணம் பிரேக்ஓவர் கோணம். மேட்டின் உச்சியில் முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாமல் இருக்கும்போது நடுப்பகுதி தட்டாமல் இருக்க வேண்டும், அதுதான் இந்தக் கோணம். வீட்டிலேயே தோராயமாகக் கணக்கிடலாம். என் வண்டியின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2400 மில்லிமீட்டர், நடுவில் தரையிலிருந்து சட்டம் வரை 240. அப்படியென்றால் கோணம் 22 டிகிரிக்குச் சற்று மேல். இன்னும் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் 27 டிகிரி ஆகிறது. நல்ல வித்தியாசம்தான். இதைப் பார்த்ததும் லிஃப்ட் பக்கம் மனம் சாய்ந்தது உண்மை.

அப்போதுதான் எங்கள் மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டார்: "வண்டியில எப்பவும் எவ்வளவு எடை இருக்கும் சார்? அதை முதல்ல சொல்லுங்க." வழக்கமாகப் பயணம் போகும்போது ஏற்றுகிற சாமான், தண்ணீர், கருவிப்பெட்டி, கூடுதல் டயர், ஆட்கள் எல்லாவற்றோடும் சமதளத்தில் நிறுத்தி அளந்தோம். சக்கர ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) விளிம்பு வரை டேப் பிடிப்பதுதான் சரியான அளவு. டயர் காற்றும் தேய்மானமும் அந்த அளவைப் பாதிக்காது. வண்டி புதிதாக வந்தபோது இதே சாமானோடு எடுத்த அளவு என்னிடம் இருந்தது. முன்பக்கம் 10 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பின்பக்கம் 30. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

ஆக, நான் ஆசைப்பட்ட 50 மில்லிமீட்டரில் பெரும்பகுதி வண்டிக்கு ஏற்கெனவே சொந்தமான உயரம். அது கரைந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். லிஃப்ட் யோசிக்கிற யாராக இருந்தாலும் இந்த ஒரு அளவை எடுக்காமல் முடிவு செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இன்னும் உயரமாகவே போட்டால் என்ன கெட்டுவிடும்? இதைக் காகிதத்தில் படிப்பதைவிட ஓட்டிப் பார்ப்பது நல்லது. என் வண்டியின் அதே மாடலை 75 மில்லிமீட்டர் உயர்த்தி வைத்திருந்த நண்பர் ஒருவர் சாவியைக் கொடுத்தார். பாறை மேல் அது அற்புதமாக ஏறியது, அதில் சந்தேகமே இல்லை. நெடுஞ்சாலைக்கு வந்ததும் நிலைமை மாறியது. வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை. லாரி ஒன்று கடந்து போன காற்றுக்கே வண்டி ஒரு பக்கம் நகர்ந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

காரணம் காஸ்டர் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல, முன் சக்கரம் திரும்புகிற அச்சும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வு வேண்டும். ஆக்சிலைப் பிடித்திருக்கும் கம்பிகளின் நீளம் மாறாமல் சேஸியை மட்டும் உயர்த்தினால், ஆக்சில் சற்றுச் சுழன்று அந்தச் சாய்வு குறைந்துவிடும். இதைச் சரிசெய்யத் துளை நடுவிலிருந்து தள்ளி அமைந்த புஷ்கள் (கம்பி முனைகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) உண்டு, தாழ்த்திப் பிடிக்கும் பிராக்கெட்டுகளும் உண்டு. நண்பரின் வண்டியில் இரண்டுமே இல்லை.

பேன்ஹார்ட் ராட் இன்னொன்று. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் கம்பி அது. ஒரு முனை சேஸியில், மறுமுனை ஆக்சிலில். சேஸி உயர்ந்ததும் கம்பியின் சாய்வு கூட, ஆக்சில் மொத்தமாக ஒரு பக்கம் இழுபடும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டால் நடுவுக்குக் கொண்டுவரலாம். முன்பக்கம் ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க்கும் (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) இந்த ராடும் இணையாக இருப்பது முக்கியம். கோணம் மாறுபட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானே வெட்டும்.

இவை தவிர, சக்கரம் முழுதாக இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் கோணம் அதிகமாகி அதிர்வு வருகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று, சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்திருக்கும் பிரேக் வால்வு. பின்பக்கம் தாழ்ந்தால் எடை ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுவது அதன் வேலை. லிஃப்ட் போட்டதும், முழுச் சுமையிலும் வண்டி காலியாக இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். அந்தக் கம்பியின் பிராக்கெட்டை மாற்றி அமைக்காமல் விட்டால் பின் பிரேக் பலவீனமாகிவிடும்.

கவிழும் அபாயத்தையும் கணக்குப் போட்டே பார்த்தேன். சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கவிழ்தல் மதிப்பீட்டுக்கு 2001 முதல் பயன்படுத்துவது இந்த விகிதத்தைத்தான். அகலம் 1400, உயரம் 700 மில்லிமீட்டர் என்றால் 1.0 வரும். மையம் 45 மில்லிமீட்டர் ஏறினால் 0.94. பக்கச் சரிவில் தாங்கும் கோணம் ஏட்டளவில் 45 டிகிரியிலிருந்து 43க்கு வருகிறது. சின்ன எண்ணாகத் தெரியலாம். நிஜத்தில் ஸ்பிரிங் சாய்வும் டயர் நசுங்கலும் சேர்ந்து இதைவிட வெகு முன்னதாகவே வண்டி உருண்டுவிடும். கூரை மேல் சாமான் இருந்தால் இன்னும் மோசம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது. எனக்கு இந்த இடத்தில்தான் 75 மில்லிமீட்டர் ஆசை முழுதாக விட்டுப்போனது.

முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே லிஃப்ட் என்பது சக்கரத்தைக் கீழே தள்ளுவது. சக்கரம் இறங்கக்கூடிய தூரத்தை அது தின்றுவிடும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் உள்ள சிவி ஜாயின்ட் எப்போதும் கோணலாகவே சுழன்று சீக்கிரம் தேயும். 50 மில்லிமீட்டருக்கு மேல் போனால் டிஃபரன்ஷியலையே இறக்கிப் பொருத்துகிற அளவுக்கு வேலை இழுக்கலாம். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் வெறும் ஸ்பேசர் என்ற இடைக்கட்டை வைப்பது மலிவு என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சேஸியிலிருந்து பாடியை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட் பெரிய டயருக்கு இடம் கொடுக்கும்; சேஸி ஒரு மில்லிமீட்டர்கூட உயராது.

கடைசியில் நான் போட்டது இது: எப்போதும் ஏற்றும் எடைக்கு ஏற்ற புது ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் நீளத்தில் ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய்), முன்பக்கம் காஸ்டர் புஷ், பின்பக்கம் நீளம் மாற்றும் பேன்ஹார்ட் ராட், அப்புறம் 235/75 டயர். பழைய ஷாக்கையே விட்டிருந்தால் சக்கரம் முழுதாக இறங்கும் முன்பே அது இழுத்துப் பிடித்துவிடும், அதனால் அதில் சமரசம் செய்யவில்லை. சாமானோடு அளந்தபோது முன்பக்கமும் பின்பக்கமும் புது வண்டியைவிட 20 மில்லிமீட்டர்தான் உயரம். ஆனால் பின்பக்கம் நேற்று வரை இருந்ததைவிட 50. டயர் தந்தது தனி. பொருத்துவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தேன். பதிவு விதிகளில் இதற்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். இது இடத்துக்கு இடம் மாறும், நீங்களும் பாருங்கள்.

பொருத்தும் அன்று பக்கத்திலேயே நின்றேன். புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நான்கு சக்கரமும் எடையைத் தாங்கும் நிலையில்தான் முழு டார்க் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். மெக்கானிக் நான் கேட்காமலே அப்படிச் செய்தார். அந்த நிமிடமே அவர் மேல் இருந்த நம்பிக்கை இரட்டிப்பானது. பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் சரிசெய்தல். டயர் மாறியதால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் சுமார் 104 ஓடுகிறது என்பதையும் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பழைய பாதையில் குறுக்குச் சட்டம் உட்கார்ந்த மேட்டை இப்போது சத்தமில்லாமல் கடக்கிறது. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் முன்பு போலவே தானாகத் திரும்புகிறது. டிஃபரன்ஷியல் மட்டும் இன்னும் சில கற்களில் உரசத்தான் செய்கிறது. அந்த மாதிரிக் கல் வந்தால் அதை நடுவில் விடாமல் டயரையே அதன் மேல் ஏற்றுகிறேன். கதவுக்குக் கீழே இருக்கும் நசுங்கலுக்கு உயரம் மருந்தில்லை, பக்கவாட்டில் பாறையைத் தாங்கும் இரும்புக் குழாயான ராக் ஸ்லைடர்தான் வேண்டும். இப்போது அதற்கான பிராக்கெட் அளவுகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.