ஒரு எர்த் பட்டைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

மாமாவின் ஷெட்டில் ஆறு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி அது. இரண்டே சீட், துணிக் கூரை, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற உடம்பு. கீழ்ப்பாக்கத்திலிருந்து திருவான்மியூருக்கு டோ பண்ணிக் கொண்டுவந்தபோது எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது ஸ்பீட் பிரேக்கர் ஏறுமா?" என்று கேட்டார். ஏறவில்லை. இரண்டு பலகை போட்டுத்தான் உள்ளே ஏற்றினோம்.

நான் மெக்கானிக் இல்லை. கணக்குப் பார்க்கிற வேலை. பைக் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய அனுபவமும் ஒரு மல்டிமீட்டரும்தான் கையிருப்பு.

முதல் மாதம் கண்ணுக்குத் தெரிந்த வேலைகளிலேயே போனது. டேங்கில் இருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது, வடித்துக் கொட்டினேன். பெட்ரோல் ஹோஸ்களை மடக்கினால் வெடிப்பு தெரிந்தது. இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வயதான ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்குகிற ஹோஸாகப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றினேன். டைமிங் பெல்ட் அதிக கிலோமீட்டர் ஓடவில்லைதான், ஆனால் ரப்பர் நிற்கும்போதும் கிழடாகும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்கிற இன்ஜின் இது. அந்த வேலையில் மட்டும் நான் கை வைக்கவில்லை, தெரிந்தவரிடம் விட்டுவிட்டேன்.

இடது முன் சக்கரம் சும்மா ஓட்டினாலே கொதித்தது. பிரேக் பேடை அழுத்துகிற காலிபர் நகர வேண்டிய பின்கள் துருப்பிடித்து ஜாம் ஆகியிருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் போட்டால் அங்கிருக்கும் ரப்பர் உப்பிக்கொள்ளும். கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கியதற்குக் காரணம் இன்னும் எளிது: கூரைத் துணியின் ஓரத்தில் மழைநீர் இறங்குகிற குழாய் முழுக்க வேப்பிலைச் சருகு. பழைய பைக்கின் கிளட்ச் ஒயர் ஒன்றை விட்டுக் குத்தினேன், இறங்கிவிட்டது.

இதற்குப் பிறகுதான் சனி பிடித்தது.

செல்ஃப் அடித்தால் இன்ஜின் தூக்கக் கலக்கத்தில் புரள்வது போல மெதுவாகச் சுற்றும். இது ஒன்று. இரவில் ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டின் பக்கத்தில் போய் நிற்கும். இது இரண்டு. ஆக்சிலரேட்டர் பெடல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. மூன்றும் மூன்று வியாதி என்று நான் முடிவு கட்டினேன். மூன்றுக்கும் தனித்தனியாக மருந்து வாங்கினேன்.

புது பேட்டரி போட்டும் செல்ஃப் அதே மெதுவில்தான் சுற்றியது. ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட் மாற்றி, சூடானதும் கூலன்டுக்கு வழி திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டும் புதிதாகப் போட்டேன். முள் ஏறுவது நிற்கவில்லை. ஆக்சிலரேட்டர் கேபிளுக்காகப் புதுப்பேட்டையில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தேன். ஒரு கடை பாய் பழைய கேபிளைக் கையில் வாங்கி, நீளத்தை முழங்கையால் அளந்து, உள்ளே போய் வேறு ஏதோ வண்டியுடையதைக் கொண்டுவந்தார். "போட்டுப் பாருங்க, பத்தலைன்னா திருப்பிக் குடுங்க" என்றார். கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டே வாரத்தில் அதுவும் இறுகியது.

கழற்றி அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உறை உருகி, ஒயரோடு ஒட்டியிருந்தது. சைலன்சர் பக்கமே போகாத கேபிள் எப்படி உருகும்?

அந்தக் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நின்றபோதுதான் மூன்றாவது மாடி சார் வந்தார். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் எலக்ட்ரிக்கல் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களை நேரில் பார்த்தவர் என்பதால் என் வண்டியின் மீது அவருக்கு ஒரு பாசம் உண்டு. கேபிளை வாங்கி மோந்து பார்த்தார்.

"இதுல கரண்ட் போயிருக்கு தம்பி. எர்த் பாத்தீங்களா?" கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழியைத்தான் எர்த் என்கிறார்.

"பாத்துட்டேன் சார். மீட்டர்ல பீப் வருதே."

"பீப் சத்தத்த நம்பாதீங்க. நூறு இழையில ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் வரும். ஒரு இழைய வெச்சு செல்ஃப் மோட்டார் சுத்துமா?"

நான் மூன்று மாதமாகச் செய்யாத ஒரு சோதனையை அவர் அரை மணி நேரத்தில் செய்து காட்டினார். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையிலேயே பிடிக்க வேண்டும், கிளாம்ப்பில் அல்ல. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில் வைக்க வேண்டும். பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். எனக்குக் காட்டியது 1.8. அடுத்து சிவப்பு முனையை இன்ஜினிலிருந்து எடுத்து பாடியில் வைத்தோம். 0.1 தான். ஆக பேட்டரியிலிருந்து பாடி வரை பிழையில்லை. பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் 1.7 வோல்ட் காணாமல் போகிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு பின்னிய செம்புப் பட்டை.

செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த 1.7 வோல்ட்டுக்குக் காரணமான தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். என் மீட்டரின் ஓம் அளவில் அது பூஜ்யம்தான். சும்மா கிடக்கிற ஒயரை அளந்து பயனில்லை, கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

அதோடு மூன்று வியாதியும் ஒன்றாகிவிட்டன. பட்டை வழியாகப் போக முடியாத கரண்ட், பாடியையும் இன்ஜினையும் இணைக்கிற இன்னொரு உலோகத்தைத் தேடியிருக்கிறது. கிடைத்தது ஆக்சிலரேட்டர் கேபிள். ஒவ்வொரு முறை செல்ஃப் அடித்தபோதும் அது ஹீட்டர் காயில் போலச் சுட்டிருக்கிறது. டெம்பரேச்சர் சென்சாருக்குத் தனி எர்த் கிடையாது, இன்ஜின் பிளாக்தான் அதன் எர்த். ஹெட்லைட் கரண்டும் அதே பட்டை வழியாகத்தான், இன்ஜினில் மாட்டியிருக்கிற, கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும். பட்டையில் வோல்ட் நின்றால் முள்ளுக்குக் கூடுதல் கரண்ட் போய், இல்லாத சூட்டைக் காட்டும்.

பட்டையைக் கழற்றினேன். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முனையில் போல்ட் மாட்டுகிற வளையமான லக்குக்குள் செம்பு நுழைகிற இடத்தில் பச்சைப் பொடி. விரலால் தட்டியதும் உதிர்ந்தது. இந்த ஏரியா கடற்காற்றில் ஜன்னல் கொக்கியே நிற்பதில்லை, செம்பு எம்மாத்திரம்.

புதிதாக 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் ஒரு முழம், பாரிமுனையில் செம்பு லக்குகள் இரண்டு. லக் உட்காருகிற இடத்தில் பெயின்ட்டை மினுமினுக்கும் வரை சுரண்டி, முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசினேன். எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள். பேட்டரி விலையை இங்கே எழுதப்போவதில்லை. செல்ஃப் அடிக்கும்போது இப்போது 0.15. இன்ஜின் 'டக்'கென்று பிடிக்கிறது. ஹெட்லைட் போட்டாலும் முள் அசையவில்லை.

இது தவிர இன்னொரு தொல்லை மட்டும் மீதி இருந்தது: மத்திய கைலாஷ் சிக்னலில் வண்டி சூடானதும் ஆஃப் ஆகி, இருபது நிமிடம் கழித்துத் தானாக உயிர் பெறும். இந்த முறை எதையும் வாங்கவில்லை. ஆஃப் ஆனபோது பிளக்கில் ஸ்பார்க் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்கிற கிராங்க் சென்சார் மேல் ஈரத்துணி வைத்ததும் வண்டி எடுத்தது. வீட்டில் அதைக் கழற்றி ஹேர் டிரையரால் சூடாக்கினேன். ஆறியிருந்தபோது 700 ஓம் காட்டிய சென்சார் சூட்டில் சுத்தமாக அறுந்துவிட்டது. அதை மாற்றியதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன ஞாயிறு விடியலில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்வந்தேன், சாரும் வந்தார். கூரை திறந்துதான் இருந்தது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் எப்போது ஓட்டப்போகிறேன் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். டயர் மாற்றாமல் அங்கே போவதாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும், அநியாயமாகக் கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டேன். "ரசம் வைக்கிற பாத்திரம்டா அது" என்றார் அம்மா. அதன் மேல் 89 என்று பொறித்திருந்தது. தண்ணீர் 90 டிகிரியை நெருங்கும்போது மெல்ல வாய் திறந்தது. துடைத்து டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன், ஸ்பேராக.