புலம்பல் சங்கீதங்களைக் கையால் எழுதிப் பார்த்த அனுபவம்

வேதாகமத்தில் சங்கீதங்கள் எனப்படும் 150 ஜெபப் பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, துயரப்படுகிறவர் தேவனிடம் முறையிடும் புலம்பல்களாகும். மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் நாங்கள் செய்திருந்த பெரும்போக வேளாண்மை 2024 நவம்பர் வெள்ளத்தில் அழிந்த பிறகு, ஜெபிக்க உட்கார்ந்தாலும் வார்த்தை எழாதிருந்த நாட்களில், அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுதத் தொடங்கினேன். சீ.ஆர். கொப்பியின் இடப்பக்கத்தில் பழைய மொழிபெயர்ப்பின் வசனங்களையும், வலப்பக்கத்தில் அவற்றை எழுதும்போது மனதில் எழும் என் சொந்த முறைப்பாட்டையும் எழுதி வருகிறேன்.

முதலில் எழுதியது ஆறே வசனங்கள் கொண்ட 13ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீதே கேட்டிருக்கும்போது, கடனையும் அழிந்த பயிரையும் பற்றித் தேவனிடம் ஒளிக்காமல் சொல்ல எனக்கும் துணிவு வந்தது.

நெடுநாள் தங்கியது 42ஆம் சங்கீதத்தில். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற வசனம் அதில் இருமுறையும், பல எபிரெயக் கையெழுத்துப் பிரதிகளில் அதனோடு ஒன்றாகவே காணப்படும் 43இல் ஒருமுறையும் வருகிறது. தேவனை நோக்கிக் காத்திரு என்று தன் ஆத்துமாவுக்குச் சொன்ன சங்கீதக்காரர், மறுவசனத்திலேயே "என் ஆத்துமா எனக்குள் கலங்குகிறது" என்கிறார். வாசிக்கும்போது நான் கடந்துபோன இந்த இடம், எழுதியபோது என்னை நிறுத்தியது. ஒருமுறை தேறியவர் மீண்டும் சோர்ந்துபோவது விசுவாசக் குறைவு அல்ல என்பதை அங்கேதான் ஏற்றுக்கொண்டேன். அடுத்து வருவது, "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது" என்ற வசனம். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும்போது எழும் இரைச்சலை அறிந்த எங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. தன்மேல் புரளும் அலைகளையும் அவர் "உமது அலைகள்" என்றே சொல்கிறார். வெள்ளத்தின் நடுவிலும் அவர் பேசுவது தேவனோடுதான். என்னைத் தூக்கி நிறுத்தியது இதுவே.

88ஆம் சங்கீதம் கடினமானது. ஏனைய பெரும்பாலான புலம்பல்களைப் போலத் துதியில் முடியாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வாழும் இந்த மட்டக்களப்பில், ஆறுதலை அவசரப்படுத்தாத இப்படியொரு ஜெபமும் வேதத்தில் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்குரிய வலப்பக்கத்தை வெறுமையாகவே விட்டுவைத்தேன்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது, "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்று கேட்கும் 77ஆம் சங்கீதம். இம்முயற்சியைத் தொடங்க விரும்புவோர் 13இலிருந்து தொடங்குவது நல்லது. 88ஐத் தனியே அல்லாமல், கூட இருந்து ஜெபிக்கக்கூடிய ஒருவரோடு எழுதுங்கள்.