முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பிறகு வந்த புற்றுநோய்

மூன்றாம் மாதம் முடியுமுன்பே இரத்தப்போக்கு. ஸ்கான் செய்த டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பிள்ளை இல்லை, திராட்சைக் குலை மாதிரி நீர்க் கொப்புளங்கள். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்றார். மயக்கம் தந்து கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது, கிழமைக்கு ஒருமுறை பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹோர்மோனின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லித் துண்டு தந்தார்கள்.

"எல்லாம் எடுத்தாச்சு, பிறகேன் பிள்ளை சும்மா சும்மா ரத்தம் குடுக்கிறாய்?" என்று மாமி கேட்டார். பாசத்தில்தான் கேட்டார். ஆனால் முழுமையான (பிள்ளையே உருவாகாத) முத்துப்பிள்ளைக் கர்ப்பம் வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு, மிஞ்சிய திசு மறுபடி வளர்ந்து புற்றுநோயாகிறது. எனக்கும் அப்படித்தான். எச்.சி.ஜி. எண் மளமளவென்று இறங்கியது, ஓரிடத்தில் நின்றது, பிறகு ஏறியது. உடம்பில் ஒரு நோவும் இல்லை. அந்தத் துண்டு மட்டும் இல்லையென்றால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயொப்சி செய்யவில்லையா என்று கேட்டேன். இந்தக் கட்டியில் இரத்தக் குழாய்கள் அதிகம், கிள்ளினால் இரத்தம் பெருகும், எச்.சி.ஜி. ஏறுவதே போதிய ஆதாரம் என்றார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். நோயின் ஆபத்து எவ்வளவு என்று புள்ளி போட்டுப் பார்த்தார்கள். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, ஒரே மருந்து போதும். நான் அந்தப் பக்கம். அப்புறம் 138 பஸ்ஸில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு.

மருந்து மெத்தோட்ரெக்சேட். 1, 3, 5, 7ஆம் நாட்களில் ஊசி, இடைப்பட்ட நாட்களில், ஊசியின் கடுமையைத் தணிக்க ஃபோலினிக் அமிலக் குளிசை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை இதே சுற்று. கர்ப்பத்துக்கென்று தந்திருந்த ஃபோலிக் அமிலக் குளிசையை நிறுத்தச் சொன்னார்கள். அது மருந்தின் வேலையைக் கெடுக்குமாம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வைத்தேன். முடி கொட்டவில்லை. வாய்ப்புண்தான் வதைத்தது. சொதிகூட எரிந்தது, உப்புப் போட்ட கஞ்சியை ஆறவைத்துக் குடித்தேன்.

எண் வழமைக்கு வந்த பிறகும் சில சுற்றுகள் தந்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் செல்களுக்காக அது, தயவுசெய்து யாரும் இடையில் விட்டுவிடாதீர்கள். ஆபத்து குறைந்த நிலையில் கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிறார்கள், கருப்பையையும் எடுக்க வேண்டியதில்லை. மருந்து முடிந்து 12 மாதம் கர்ப்பம் கூடாது, புதுக் கர்ப்பமும் அதே எண்ணை ஏற்றிவிடும் என்பதால். அதற்குப் பிறகு பிள்ளை பெறலாம். அப்போது ஆரம்பத்திலேயே ஒரு ஸ்கான் எடுக்க வேண்டும்.