பையைத் திறந்து பார்க்க ஒருவர்கூடவா இல்லை?

அமெரிக்காவில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் எங்கள் பாளையங்கோட்டை டீக்கடையில் உடனே ஒரு பேச்சு வரும், "அங்கன காசு கொடுத்தா கடையிலயே துப்பாக்கி தாரான், நம்ம ஊர்ல அப்படியா?" என்று. பாதி சரிதான். துப்பாக்கி கைக்கு வராத பையன் சில நிமிஷத்தில் பல பேரைச் சாய்க்க முடியாது. ஆனால் மீதிப் பாதியை நாம் பேசுவதே இல்லை, எனக்கு அதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்று ஒரு சின்ன ஊர். (தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான், செய்தியில் அந்தப் பேரைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது.) 2021 நவம்பர் 30 அன்று அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் 15 வயதுப் பையன் ஒருவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் செத்துப்போனார்கள், ஒரு ஆசிரியையோடு சேர்த்து ஏழு பேருக்குக் காயம். துப்பாக்கி அவன் அப்பா வாங்கியது, அதுவும் நான்கே நாள் முன்னால். முந்தின நாள் வகுப்பில் அவன் போனில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியை பார்த்து, வீட்டுக்குத் தகவல் போயிருக்கிறது. அதற்கு அம்மா மகனுக்கு அனுப்பிய மெசேஜ், எனக்குக் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகு என்பதுதான்.

மறுநாள் காலையில் கணக்குத் தாளில் ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா, ரத்தம் வழிய ஓர் உருவம் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறான். பக்கத்தில், "எண்ணங்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவி செய்யுங்கள்" என்று எழுத்து. ஆசிரியை அதைப் போட்டோ எடுத்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ஆலோசகர் கைக்குத் தாள் போவதற்குள் அவன் அதையெல்லாம் கிறுக்கி அழித்திருந்தான். பெற்றோரை வரவழைத்தார்கள். இரண்டு நாளுக்குள் மனநல ஆலோசனைக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள், இன்றைக்கே வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னதற்கு வேலைக்குப் போகணும் என்று விட்டுவிட்டுப் போனார்கள் அவர்கள். புதுத் துப்பாக்கி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்காரர்களோ பையைத் திறந்து பார்க்காமலே அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். மதியம் ஒரு மணிக்கு முன்னாலேயே சுட ஆரம்பித்துவிட்டான்.

அறிகுறியை யாரும் கவனிக்கவில்லை என்று எழுதுகிறார்களே, அது தப்பு. கவனித்தார்கள், கூப்பிட்டார்கள், உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கு முடிந்தது என்று எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 9, நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவனை, கூடப் படித்த பையன்களே ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்னால் அந்தப் பையன்கள் கொடுத்த தொந்தரவு தாங்காமல் அவன் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறான். நன்றாகப் படிக்கிற பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய அறிகுறி வேறென்ன வேண்டும்? அப்புறம் விஷயம் தெரிந்து பள்ளியில் புகார் கொடுத்தார்கள், அந்தச் சூட்டோடுதான் வெட்டு விழுந்தது. புகார் சொல்லச் சொல்கிறோம், ஆனால் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்கு ராத்திரி யார் காவல் என்று யோசிப்பதில்லை. (அந்தப் பையன் அத்தனை காயத்தோடும் எழுதி, பிளஸ் டூவில் 469 வாங்கினான். அந்தத் தாய் பெற்ற பிள்ளை!)

இங்கே அறிகுறியைக் கணக்குத் தாளில் தேடவே வேண்டாம், கையிலேயே கட்டிக்கொண்டு வருகிறார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், பள்ளிக்குள் இருக்கும்வரை பாக்கெட்டில் கிடந்த, இன்ன சாதி என்று காட்டும் கலர் கயிறு கேட்டைத் தாண்டியதும் மணிக்கட்டில் ஏறிவிடும், ஒருத்தனுக்கு இன்னொருத்தன் முடிச்சுப் போட்டுவிடுவான். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடியில் இந்தக் கயிற்றில் தொடங்கிய சண்டையில் ஒரு பிளஸ் டூ பையன் உயிரே போனது. 2025 ஏப்ரலில் எங்கள் பாளையங்கோட்டையிலேயே எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பையில் அரிவாளோடு வந்து சக மாணவனை வெட்டினான், தடுத்த ஆசிரியைக்கும் வெட்டு. பென்சிலில் ஆரம்பித்த தகராறு என்றார்கள். எட்டாம் வகுப்பு!

மிச்சிகன் பையனுக்கு ஆயுள் தண்டனை, அதோடு 2024இல் அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் குறைந்தது பத்து வருஷம் சிறை. நம் பக்கம் அரிவாளோடு ரீல்ஸ் போடுகிற பையனுக்கு லைக் போடுவதே மாமனும் சித்தப்பனும்தான். எந்தப் பெரியவரும் கோர்ட்டுப் படி ஏறவேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை, ஆனால் "சின்னப் பயக, தெரியாம பண்ணிட்டானுவ" என்று அவர்கள் சொல்லும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, பொட்டு எல்லாம் கூடாது என்றதைத்தான் எல்லோரும் விவாதம் பண்ணினார்கள். பெரிய பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே தனி அலுவலர் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதைப் பேச ஆளில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான். ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல மூன்று நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது யார்? புகார் கொடுத்த பிள்ளை அன்றைக்கு யாரோடு வீடு திரும்பும்? எனக்கு ஆள் பேர் வேண்டும். "பாத்துக்கிடுதோம்மா" என்றால் உட்கார மாட்டேன்.