பரணிலிருந்து இறங்கிய கேரம் போர்டு

பதினைந்து வருடம் கழித்துப் பழைய போர்டை இறக்கினேன். ஒரு மூலை வலை கிழிந்திருந்தது, சிவப்புக் காயைக் காணோம். அதற்குப் பதில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, பவுடர் தூவி, மகளை எதிரே உட்கார வைத்தேன். முதலில் விரல் வலிக்கிறது என்றாள். அப்புறம் காசைக் குழியில் போட்டாள். சிவப்பை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய காய், அதாவது ஃபாலோ, விழவில்லை; அதனால் காசு திரும்ப நடுவுக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே இன்னொரு ஆட்டம் கேட்டாள்.

கேரம் அழிந்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. கேரமில் இரண்டு முறை உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் நம் தமிழ்நாட்டுக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டும் அப்பாதான் பயிற்சி கொடுத்தார்.

ஆனால் சாம்பியன்கள் மட்டும் போதாது. முன்பு தெருமுனை மன்றத்தில் குண்டு பல்புக்குக் கீழே நாலு பேர் ஆடுவார்கள், எட்டுப் பேர் சுற்றி நிற்போம். அப்படி நின்றுதான் நான் கற்றேன். இன்றைய பிள்ளைகளுக்கு நிற்க அந்த இடம் இல்லை.

ஞாயிறு மாலை எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் போர்டு வைக்கிறேன். பிள்ளைகளோடு வாருங்கள். சிவப்புக் காய் இருந்தால் எடுத்து வாருங்கள்.