புதன்கிழமைக் கணக்கு

2025 ஜனவரி 1, புதன்
குழந்தை பிறந்தது, எடை 2.9 கிலோ. மஞ்சள் காமாலை-பி ஊசி தொடையில் 0.5 மி.லி. இதை 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தாயிடமிருந்து தொற்றியிருந்தால் தடுக்க அவ்வளவுதான் அவகாசம். போலியோ 2 சொட்டு. காசநோய்த் தடுப்பூசி பிசிஜி இடது மேல்கையில், தோலுக்குள்ளேயே 0.05 மி.லி.

பிப்ரவரி 5
பிசிஜி போட்ட இடம் பயறு அளவுக்குத் தடித்து, நுனியில் வெள்ளையாகச் சீழ். சரியாகத்தான் போகிறது. பிதுக்கக் கூடாது, மஞ்சள் வைக்கக் கூடாது. தானே உடைந்து ஆறித் தழும்பாகும். தழும்பே விழாவிட்டாலும் மறுபடி போடுவதில்லை.

பிப்ரவரி 12, புதன்
எல்லோரும் சொல்வது '45 நாள் ஊசி'. கணக்கோ 6 வாரம், அதாவது 42 நாள். 45 என்று எண்ணினால் 15-ஆம் தேதி சனிக்கிழமை வரும். தடுப்பூசி நாள் புதன் என்பதால் ஒரு வாரம் வீணாகத் தள்ளிப்போகும்.

முதலில் வாய்வழி: போலியோ, ரோட்டா (வயிற்றுப்போக்குத் தடுப்பு). பிறகு வலது மேல்கையில் போலியோ ஊசி (ஐபிவி) 0.1 மி.லி., வலது தொடையில் நிமோனியா ஊசி (பிசிவி), இடது தொடையில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டா. எந்தக் கால் வீங்குகிறது என்று பார்த்தால் எந்த ஊசி என்பது தெரிந்துவிடும். அநேகமாக இடதுதான், பென்டாவில் உள்ள கக்குவான் பகுதிதான் காய்ச்சலுக்கும் முக்கியக் காரணம். அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பாராசிட்டமாலில்தான் தவறு நடக்கிறது. சொட்டு மருந்தில் 1 மி.லி.-க்கு 100 மி.கி., சிரப்பில் பெரும்பாலும் 5 மி.லி.-க்கு 125 மி.கி. 4.5 கிலோ குழந்தைக்கு 50 மி.கி. என்றால் சொட்டு மருந்து அரை மி.லி., சிரப் 2 மி.லி. சிரப்பின் அளவுக்குச் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு. காய்ச்சல் வராமலே முன்கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

மார்ச் 12, புதன்
நல்ல காய்ச்சல், பாலும் சரியாகக் குடிக்கவில்லை. ஊசி தள்ளிவைப்பு, குழந்தை டாக்டரிடம். வெறும் மூக்கொழுகலாக இருந்தால் தள்ளவே கூடாது.

மார்ச் 19, புதன்
போலியோ, ரோட்டா, பென்டா இரண்டாம் தவணை. அடுத்தது இன்றிலிருந்து 28 நாள். அட்டையில் ஏப்ரல் 9-ஐ அடித்து 16 என்று எழுதியாயிற்று. இடைவெளி கூடலாம், குறையக் கூடாது. எவ்வளவு தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ச்சி, முதலிலிருந்து கிடையாது.

ஏப்ரல் 16, புதன்
பிப்ரவரியில் போட்ட ஐந்தும் இன்று மறுபடி.

அக்டோபர் 8, புதன்
9 மாதம் நிறைந்தது 1-ஆம் தேதி. அன்று ஆயுதபூஜை விடுமுறை. இன்று வலது மேல்கையில் தட்டம்மை-ரூபெல்லா, இடது மேல்கையில் ஐபிவி மூன்றாம் தவணை, தொடையில் பிசிவி பூஸ்டர், வாயில் வைட்டமின் ஏ 1 மி.லி. தட்டம்மை மருந்து கலந்தபின் நான்கு மணி நேரம்தான் தாங்கும். அதற்குமேல் கிருமி வளரும். கலந்த நேரம் குப்பியில் எழுதியிருக்கும், தயங்காமல் கேட்கலாம்.

அக்டோபர் 16
இளஞ்சூடு, முதுகில் லேசான சிவப்புப் பொரி. தட்டம்மை ஊசிக்கு இது ஒரு வாரம் கழித்துத்தான் வரும். இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

அடுத்த தவணை 16 மாதம் நிறைந்ததும். அது 2026 மே 1, வெள்ளி, விடுமுறை வேறு. அட்டையில் மே 6, புதன்.