நியூஜெர்சி வண்டிக்கு அனுப்பானடி வைத்தியம்

என் சித்தி மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். 1978 மாடல் ஃபியட் 124 ஸ்பைடர் வைத்திருக்கிறான். டாப்பை மடித்துப் போட்டு ஓட்டுகிற வண்டி, 1756 சிசி. என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன 86 மாடல் பிரீமியர் பத்மினி கார். பம்பாய் குர்லாவில் செய்ததுதான், ஆனால் உள்ளே ஃபியட் 1100. அந்த வகையில் இரண்டும் பங்காளிகள்.

போன மாதம் கூப்பிட்டான். "அண்ணே, இன்ஜின் சூட்டைக் காட்டுற முள்ளு சிவப்புக்குப் போகுது. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ரெண்டையும் தபால்ல வரவழைச்சு மாத்திட்டேன். கேக்கல." பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இத்தாலி வண்டி என்றதுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்களாம்.

ராத்திரி எட்டரைக்கு வீடியோ காலோடு மதுரை அனுப்பானடியில் எங்கள் மெக்கானிக் பாய் பட்டறைக்குப் போனேன். பாய் ஸ்பைடரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பகல்லயும் ஏறுதா, லைட்டு போட்டாத்தானா?"

அவன் யோசித்தான். ஹெட்லைட்டைப் போட்டான். முள் டக்கென்று ஏறியது. அணைத்தான், இறங்கியது.

"ஒரு நொடில தண்ணி கொதிக்குமா தம்பி? எர்த் இல்ல."

பழைய வண்டிகளில் கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி பாடிதான். எர்த் வயர் பிடித்திருக்கும் இடத்தில் துரு ஏறினால், லைட்டுக்குப் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் மீட்டரையும் குழப்பும். டாஷ்போர்டுக்குப் பின்னால் அந்த ஸ்குரூவைக் கழற்றிக் காட்டினான். பச்சைப் பசேலென்று களிம்பு.

"உப்புத்தாள் போட்டுத் தேயிங்க."

"இன்னும் உப்பா பாய்?" என்று சிரித்தான். அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு ஏற்கெனவே வண்டியின் தரைத் தகட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த வேலைக்குத்தான் பெரிய செலவு காத்திருக்கிறது.

தேய்த்து இறுக்கினான். முள் அசையவில்லை. மாற்றிய இரண்டு சாமானும் தண்டம். பம்ப்பாவது பழசுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஃபியட் என்ற நாலு எழுத்துக்கு அமெரிக்காவில் 'ஃபிக்ஸ் இட் அகைன், டோனி' என்று ஒரு விரிவு சொல்வார்கள். மறுபடியும் ரிப்பேர் பாருப்பா டோனி என்று. பாயிடம் சொன்னேன்.

"டோனி யாரு, அங்க மெக்கானிக்கா?"

நேற்று மறுபடி போன். மழையில் டாப் ஒழுகுகிறதாம். அதைப் பாயிடம் கொண்டுபோகவில்லை. பத்மினியே மழைக்கு என் இடது கால் மேல்தான் சொட்டும். அவர் தந்த மருந்து, கால்மாட்டில் ஒரு பழைய துண்டு.